சிக்னலில் நடுங்கிய ஆல்டிஸ்: கணக்கில் வராத காற்றைத் தேடி

வண்டி டொயோட்டா கொரோலா ஆல்டிஸ். 1.6 லிட்டர் 3இசட்இசட் பெட்ரோல் என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். 2007-இல் சிங்கப்பூரில் பதிவானது. 2017-இல் சிஓஇ-யை, அதாவது கார் வைத்திருக்க அரசிடம் வாங்கும் உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார்கள், அதனால் 2027 வரை சாலையில் ஓடலாம். ஓடோமீட்டர் இரண்டரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

உரிமையாளர் உட்லண்ட்ஸில் இருக்கும் பெரியவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அவர் சொன்ன குறை இதுதான். சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கும் இருக்கையும் நடுங்குகின்றன. ஏசி போட்டால் நடுக்கம் இன்னும் கூடுகிறது. சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறி வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் தெரிவதில்லை. என்ஜின் விளக்கு சில நாள் எரிகிறது, சில நாள் தானாகவே அணைந்துவிடுகிறது.

காக்கி புக்கிட்டில் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வருவதற்கு முன் வேறோர் இடத்தில் வேலை நடந்திருந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றியிருந்தார்கள். 2ஆம் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றியிருந்தார்கள். உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள். குறை தீரவில்லை. கடைசியாக, என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொன்னதும் பெரியவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ஏற்கெனவே 600 வெள்ளிக்கு மேல் போய்விட்டது. மவுண்டுக்கு இன்னும் அதே அளவு ஆகும். "சிஓஇ-யில மிச்சம் இருக்கிறதே கொஞ்ச நாளுதான். பேசாம ஸ்கிராப் பண்ணிடலாமா, தம்பி?" என்று கேட்டார்.

இந்த ஊரில் அது சாதாரணக் கேள்வி அல்ல. பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்கும். ஆண்டுக்கொரு முறை சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சிஓஇ புதுப்பித்த வண்டியைப் பதிவுநீக்கம் செய்தால் பார்ஃப் தொகை, அதாவது பதிவுக் கட்டணத்தில் அரசு திருப்பித் தரும் பங்கு, கிடைக்காது. மீதிக் காலத்துக்கு விகிதப்படி வரும் சிஓஇ பணம்தான் கைக்கு வரும். வேறு கார் வாங்கலாம் என்றால், சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ-யே 2023-இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. பழைய காரைக் கைவிடுவது ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய முடிவு. மெக்கானிக் ஊகத்தில் பாகம் மாற்றி, பணம் கரைந்து, அந்த வெறுப்பில் ஒருவர் அந்த முடிவை எடுத்தால் அது பெரிய அநியாயம். இந்த வண்டியைப் பற்றி விரிவாக எழுத அதுவே காரணம்.

ஸ்கேனரை மாட்டும் முன்

முதலில் கேள்விகள். எப்போது மோசம்? "காலையில முதல்ல ஸ்டார்ட் பண்றப்பதான் ரொம்ப மோசம். கார்பார்க்கில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிறார்." ஓடி ஓடிச் சூடானால்? "குறையுது, ஆனா போகலை." எல்லை தாண்டி ஜொகூரில் பெட்ரோல் போட்டதுண்டா? இல்லை, எப்போதும் இங்கேதான், 95 ஆக்டேன். வண்டி எங்கே நிற்கிறது? பல மாடிக் கார்நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில். கடைசிப் பதிலைக் குறித்து வைத்துக்கொண்டேன். வெயில் நேராக போனட்டில் இறங்கும் இடத்தில் வருடக்கணக்காக நின்ற வண்டியின் ரப்பர் பாகங்கள் அதிக வெப்பத்தில் கிடந்தவை.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். பிரேக்கை மிதித்து கியரை டி-யில் (டிரைவ்) போட்டால் நடுக்கம். என்-க்கு (நியூட்ரல்) மாற்றினால் குறைகிறது, ஆனால் நிற்கவில்லை. இந்த இடத்தில் கவனம் வேண்டும். என்ஜின் சீராக ஓடி, மவுண்ட் மட்டும் கெட்டிருந்தால், டி-யில் நடுங்கும் வண்டி என்-இல் பெரும்பாலும் அமைதியாகிவிடும். இந்த வண்டி என்-இலும் விட்டுவிட்டு ஒரு துடிப்பு கொடுத்தது. அதுவும் ஒரே இடைவெளியில் வரவில்லை.

பின்னால் போய் சைலன்சர் வாயருகே டிஷ்யூ காகிதம் ஒன்றைப் பிடித்தேன். நல்ல என்ஜினில் காகிதம் வெளிப்பக்கமாகச் சீராகப் படபடக்கும். இங்கே சில நொடிக்கு ஒருமுறை தொய்ந்து, சற்று உள்ளே இழுபட்டு, மறுபடி வெளியே தள்ளப்பட்டது. ஏதோ ஒரு சிலிண்டர் சில சமயம் எரியவில்லை என்பதற்குக் காகிதமே சாட்சி. காசு செலவில்லாத சோதனை, அரை நிமிட வேலை.

வலப்பக்கத்து மவுண்ட்டையும் பார்த்தேன். ரப்பரில் வெடிப்பு இருக்கிறது, கொஞ்சம் அமுங்கியும் இருக்கிறது. மாற்ற வேண்டியதுதான், அதில் முன்பு சொன்னவர்கள் தவறு சொல்லவில்லை. ஆனால் கெட்ட மவுண்ட் என்ஜினின் நடுக்கத்தை உடம்புக்குக் கொண்டுவந்து சேர்க்குமே தவிர, சைலன்சர் வழியாக வரும் புகையை இடறச் செய்யாது. புது மவுண்ட் போட்டிருந்தால் பெரியவருக்கு நடுக்கம் குறைந்ததுபோல் தெரிந்திருக்கும். என்ஜின் உள்ளே அதே குறையோடு ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

எண்கள் சொன்னது

என்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஒரே ஒரு பழுதுக் குறியீடு: பி0171. கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம், அதாவது லீன். மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர் எரியாமல் தவறுவதைக் காட்டும் குறியீடு ஏதும் இல்லை. பழைய வண்டிகளில் மிஸ்ஃபயர் குறியீடு வரவில்லை என்பதை வைத்து மிஸ்ஃபயரே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. காகிதம் காட்டியதை நான் நம்பினேன்.

குறியீட்டை உடனே அழித்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அழித்தால் கம்ப்யூட்டர் இத்தனை நாள் கற்று வைத்த திருத்தமும், குறியீடு பதிவான நொடியில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் சேர்ந்தே போய்விடும். இந்த வண்டியின் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்தது: வேகம் 0, என்ஜின் சுற்று நிமிடத்துக்கு 700-ஐ ஒட்டி, கூலன்ட் வெப்பம் 54 டிகிரி. வண்டி நிற்கிறது, என்ஜின் பாதிதான் சூடாகியிருக்கிறது. பெரியவர் "காலையில்தான் மோசம்" என்று சொன்னதும் இந்த 54 டிகிரியும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

அடுத்தது ஃபியூல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம். இளைய மெக்கானிக் தம்பிகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இந்த வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் குழாயில் இருக்கும் மாஃப் சென்சார், உள்ளே போகும் காற்றை நொடிக்கு இத்தனை கிராம் என்று அளக்கிறது. அந்தக் காற்றுக்கு ஏற்றபடி, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற கணக்கில், கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரைத் திறக்கிறது. எரிந்து வெளியே வரும் புகையை ஆக்ஸிஜன் சென்சார் பார்க்கிறது. ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால், பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கூட்டிக் கொடுக்கிறது. இப்படிக் கூட்டியதும் குறைத்ததும்தான் ட்ரிம். நொடிக்கு நொடி மாறுவது ஷார்ட் ட்ரிம். நாளடைவில் மனப்பாடமாகப் பதிந்தது லாங் ட்ரிம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

என்ஜின் நன்றாகச் சூடானபின், ஏசி இல்லாமல், ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது: லாங் ட்ரிம் +18, ஷார்ட் ட்ரிம் +8. மொத்தம் +26. அதே என்ஜினை 2500 சுற்றில் பிடித்து வைத்தால் மொத்தம் +7-க்கு இறங்கிவிட்டது.

மாஃப் ஐடிலில் காட்டியது நொடிக்கு 1.5 கிராம். சூடான என்ஜின், ஐடிலில், ஏசி இல்லாமல், லிட்டருக்கு ஒரு கிராமும் அதற்குச் சற்று மேலும் இழுக்கும் என்பது ஒர்க்ஷாப்பில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. 1.6 லிட்டருக்கு 1.5 என்பது குறைவுதான், ஆனால் தனியாகப் பார்த்தால் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவல்ல. ட்ரிம்மோடு சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. 1.5 கிராமில் 26 விழுக்காட்டைக் கூட்டினால் 1.89. அதாவது என்ஜின் உண்மையில் இழுப்பது 1.9 கிராம் அளவு, சென்சார் எண்ணியது 1.5 மட்டும். நடுவில் 0.4 கிராம் காற்று சென்சாரைத் தாண்டாமல் வேறெங்கிருந்தோ உள்ளே வருகிறது.

இந்த எண்களை வைத்தே பல சந்தேகங்களை விலக்க முடிந்தது. பெட்ரோல் பம்ப் பலவீனமாகி அழுத்தம் குறைந்திருந்தால், அதிகப் பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில்தான் பற்றாக்குறை தெரியும். சுற்று கூடக்கூட, பாரம் ஏற ஏற ட்ரிம்மும் ஏற வேண்டும். இங்கே இறங்குகிறது. மாஃப் கம்பியில் அழுக்குப் படிந்திருந்தால், காற்று அதிகம் போகும்போது குறைத்து எண்ணும், அப்போதும் மேலே போகப் போகத்தான் ட்ரிம் ஏறும். பெட்ரோல் கெட்டிருந்தால் ஐடிலில் மட்டும் நடுங்கி, விரைவுச்சாலையில் சீராக ஓடாது. வாக்யூம் லீக், அதாவது உறிஞ்சல் பக்கத்தில் காற்றுக் கசிவு, ஒன்றுதான் இப்படி நடந்துகொள்ளும். ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் மிக அதிகம், என்ஜினுக்குப் போகும் மொத்தக் காற்றோ மிகக் குறைவு. சின்ன ஓட்டை வழியே வரும் காற்றுகூட அங்கே பெரிய பங்கு ஆகிவிடும். த்ராட்டிலைத் திறந்தால் மொத்தக் காற்று பல மடங்காகிறது, ஓட்டையின் பங்கு கரைந்துபோகிறது.

அந்த உறிஞ்சலை அளக்கும் வாக்யூம் கேஜையும் மாட்டினேன். சிங்கப்பூர் கடல்மட்டத்தில் இருக்கும் ஊர், அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நல்ல என்ஜின் ஐடிலில் 18 முதல் 22 அங்குலப் பாதரசம் வரை அசையாமல் காட்ட வேண்டும். இது 16-இல் நின்று, விட்டுவிட்டு முள்ளை உதறியது.

எந்த சிலிண்டர்?

காற்று எங்கோ கசிகிறது, சரி. எங்கே? த்ராட்டிலுக்குப் பின்னால் எந்த ஹோஸிலும் இருக்கலாம். பிரேக் பூஸ்டர் ஹோஸ், என்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ், மேனிஃபோல்டு இணைப்பை அடைக்கும் கேஸ்கெட், இன்ஜெக்டரின் ரப்பர் வளையங்கள். எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பதற்குப் பதில், ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தேன்.

இதற்குப் பலர் காயில் கனெக்டரைக் கழற்றுவார்கள். நான் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுகிறேன். காயிலை நிறுத்தினால் எரியாத பெட்ரோல் அப்படியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்டரில் விழுந்து அதைச் சூடாக்கும். பழைய வண்டியில் கன்வர்டர் போனால் அதன் செலவு வேறு. இன்ஜெக்டரை நிறுத்தினால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது.

1, 3, 4 ஆகிய மூன்றில் எதை நிறுத்தினாலும் என்ஜின் சட்டென்று தளர்ந்தது. 2-ஐ நிறுத்தியபோது பெரிய வித்தியாசமே இல்லை. சுற்றை 2000-க்கு ஏற்றி மறுபடி பார்த்தால் நான்கும் ஒன்றுபோல் தளர்ந்தன. 2ஆம் சிலிண்டர் ஐடிலில் மட்டும் சோம்புகிறது, வேகத்தில் மற்றவற்றைப்போல் உழைக்கிறது.

முந்தைய இடத்தில் 2ஆம் சிலிண்டரின் காயிலை ஏன் மாற்றினார்கள் என்பது இப்போது விளங்கியது. அவர்களும் 2-இல்தான் பலவீனம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், அது சரியான கண்டுபிடிப்பு. காயில் மீது சந்தேகம் வந்தால் மாற்றும் முன் 2-இன் காயிலை 3-க்கும் 3-இன் காயிலை 2-க்கும் மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கலாம். பலவீனம் காயிலோடு 3-க்குப் போனால் காயில் கெட்டது. 2-இலேயே நின்றால் வேறு காரணம். நான் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 2-இலேயே நின்றது.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தேன். 1, 3, 4 மூன்றும் வெளிர் பழுப்பு. 2-இன் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை. சில மாதங்களே ஓடிய பிளக், அதற்குள் இந்த நிறம். 2ஆம் சிலிண்டருக்குக் கிடைக்கும் கலவையில் காற்று அதிகம் என்பதற்கு இது கண்ணால் காணும் ஆதாரம்.

பிளக் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தமும், பார்த்துவிட்டேன். இசட்இசட் வரிசை என்ஜின்களில் 2000-களின் தொடக்கத்தில் வந்தவை எண்ணெய் குடிக்கும் என்று பெயரெடுத்தவை, பிஸ்டன் வளையப் பக்கம் கோளாறு. இது பிந்திய வண்டி, எண்ணெய் மட்டமும் சரியாகவே இருந்தது. இருந்தாலும் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய என்ஜினில் அடித்தளம் உறுதியா என்று தெரியாமல் மேற்கொண்டு செலவு வைக்க எனக்கு மனம் வராது. நான்கும் 180 பிஎஸ்ஐ-யை ஒட்டியே இருந்தன. ஒன்றுக்கொன்று பெரிய இடைவெளி இல்லை. என்ஜின் திடமாக இருக்கிறது, ஸ்கிராப் பேச்சை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம் என்று பெரியவரிடம் சொல்ல முடிந்தது.

முதல் கசிவு

புகை மெஷினை மாட்டினோம். ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயை அடைத்துவிட்டு, எண்ணெய்ப் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில், ஒரு பிஎஸ்ஐ-க்கும் கீழே, மேனிஃபோல்டுக்குள் செலுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப்பார்க்கும். சிலர் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து, சுற்று ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் சூடான எக்ஸாஸ்ட்டும் ஓடும் என்ஜினும் இருக்கும் இடத்தில் தீப்பிடிக்கும் திரவத்தைத் தெளிப்பது எனக்குப் பிடிக்காது. வெயில் நேரத்தில், கதவெல்லாம் திறந்து கிடக்கும் ஒர்க்ஷாப்பில், பக்கத்தில் வெல்டிங் வேறு நடந்துகொண்டிருக்கும்.

ஒரு நிமிடத்துக்குள் புகை வந்துவிட்டது. பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸின் வளைவில், அடிப்பக்கம். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் முழுசாக இருக்கிறது. விரலை அடியில் கொடுத்து வளைவை லேசாக விரித்தால், ஒரு விரல்நக நீளத்துக்கு வெடிப்பு திறக்கிறது. விட்டால் மூடிக்கொள்கிறது. வருடக்கணக்காக எண்ணெய் ஆவி பட்டு உள்பக்கம் பிசுபிசுவென்று ஊறியிருந்தது, வெளிப்பக்கம் வெயிலிலும் சூட்டிலும் வறண்டிருந்தது. வெடிப்பு விழுந்தது வளைவில்தான்.

புது ஹோஸ் போட்டோம். பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன், உள்ளே டக் டக் என்று நன்றாகவே அசைந்தது. இருந்தாலும் விலை குறைந்த பொருள் என்பதால் புதிதே போட்டோம்.

பல வண்டிகள் இந்த இடத்தில் வீட்டுக்குப் போய்விடும். ஓட்டை கண்டாயிற்று, அடைத்தாயிற்று, நடுக்கமும் குறைந்திருக்கிறது. உண்மையாகவே குறைந்தது. உதவிக்கு இருந்த தம்பி போனட்டை மூடக் கை வைத்துவிட்டான். ஆனால் ஸ்கேனரில் ஐடில் ட்ரிம் மொத்தம் +15-இல் நிற்கிறது. 26 குறைந்து 15 ஆகியிருக்கிறது, 2 ஆகவில்லை. இன்னொன்றும் இடித்தது. பிசிவி ஹோஸ் மேனிஃபோல்டின் பொது அறைக்குள் போகிறது, அதன் வழியே வரும் காற்று நான்கு சிலிண்டருக்கும் பங்காகப் போக வேண்டும். அப்படியிருக்க 2ஆம் சிலிண்டர் மட்டும் வெளுத்துப்போகக் காரணம் என்ன? இன்ஜெக்டரை நிறுத்தி மறுபடி பார்த்தேன். 2 இன்னும் பலவீனம்தான்.

"தம்பி, இன்னைக்கு முடியாதா?" என்று பெரியவர் கேட்டார். "ஐயா, ஒன்னு கண்டுபிடிச்சாச்சு. இன்னொன்னு இருக்கு. அது சூட்டில ஒளிஞ்சிக்குதுன்னு நினைக்கிறேன். ராத்திரி வண்டி இங்கேயே ஆறட்டும்" என்றேன். அவர் மகள் பொங்கோலிலிருந்து வந்து அழைத்துப்போனார்.

ஆறிய என்ஜினில்

சூட்டில் ஒளிகிறது என்று நினைத்ததற்கு இரண்டு காரணம். காலையில் மோசம் என்ற புகார் ஒன்று, ஃப்ரீஸ் ஃப்ரேமின் 54 டிகிரி மற்றொன்று. இந்த என்ஜினின் மேனிஃபோல்டு பிளாஸ்டிக், சிலிண்டர் ஹெட் அலுமினியம், நடுவில் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் கேஸ்கெட். சூடானால் பிளாஸ்டிக் அலுமினியத்தைவிட அதிகம் விரியும், ரப்பரும் கொஞ்சம் இளகி ஒட்டும். ஆறினால் இடைவெளி திறக்கும். இதே குடும்பத்து 1இசட்இசட் என்ஜின்களிலும், குளிர் நாடுகளில், குளிர்ந்த நிலையில் கேஸ்கெட் சுருங்கி பி0171 வருவது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த விஷயம். சிங்கப்பூரில் அந்தக் குளிர் இல்லை. ஆனால் 17, 18 வருடம் சூட்டில் கிடந்து கெட்டிப்பட்ட ரப்பருக்கு, 90 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்கு இறங்குவதே போதுமான சுருக்கம்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நடுக்கம் அதிகமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆக்ஸிஜன் சென்சார் சூடாகும் வரை கம்ப்யூட்டர் அதன் பேச்சைக் கேட்காது. பழைய கணக்கை மட்டும் வைத்துப் பெட்ரோல் கொடுக்கும். அந்த நேரத்தில் கசிவும் மிகப் பெரிதாக இருக்கிறது, நொடிக்கு நொடி திருத்தவும் ஆளில்லை.

மறுநாள் காலை, சாவியைத் தொடாமல், இரவெல்லாம் ஆறிய என்ஜினில் புகையைச் செலுத்தினோம். மேலே ஒன்றும் இல்லை. டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் வைத்து மேனிஃபோல்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், 2ஆம் சிலிண்டருக்குப் போகும் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தின் கீழ் விளிம்பில், நூல் அளவுக்குப் புகை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் சூடான என்ஜினில் அதே இடத்தைப் பார்த்தபோது ஒரு சுவடும் இல்லை.

மேனிஃபோல்டைக் கழற்றினோம். கேஸ்கெட்டைப் பள்ளத்திலிருந்து எடுக்கும்போதே தெரிந்தது, வளைத்தால் வளைய மறுக்கிறது. நகத்தால் அழுத்தினால் தழும்பு விழவில்லை. புதிய கேஸ்கெட்டைப் பள்ளத்தில் வைத்தால் விளிம்பு மேலே எழும்பி நிற்கிறது, அந்த எழும்பல்தான் இறுக்கும்போது அமுங்கி அடைக்கும். பழையதோ பள்ளத்தின் மட்டத்துக்கே தட்டையாகிப் போயிருந்தது. 2ஆம் துளையின் கீழ்ப்பக்கம் ஹெட்டின் அலுமினியத்தில், சுண்டுவிரல் அகலத்துக்கு, வெளியிலிருந்து உள்நோக்கிக் கறுப்புத் தூசிக்கோடு. காற்று போன வழியில் தூசி படிந்து அடையாளம் வைத்திருக்கிறது. மற்ற மூன்று துளைகளைச் சுற்றி உலோகம் சுத்தம்.

ஹெட்டின் பரப்பைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்தோம். அலுமினியத்தில் இரும்புச் சுரண்டியை வைத்தால் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவாகும். மேனிஃபோல்டின் முகத்தில் நேர்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தோம். பிளாஸ்டிக் வளைந்திருந்தால் புது கேஸ்கெட் போட்டும் பயனில்லை. வளைவு இல்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் கைப்பலத்தைக் காட்டி ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் இன்னொரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

அதன்பிறகுதான் குறியீட்டை அழித்தேன். ட்ரிம் பூஜ்யத்திலிருந்து புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். காக்கி புக்கிட்டிலிருந்து தீவு விரைவுச்சாலையில் ஏறி ஒரு சுற்று, பிறகு சிராங்கூன் பக்கம் சிக்னல் சிக்னலாக நின்று நின்று ஓட்டம், ஏசி முழு வேகத்தில். திரும்பி வந்து ஐடிலில் பார்த்தால்: லாங் ட்ரிம் +2, ஷார்ட் ட்ரிம் பூஜ்யத்துக்கு இரு பக்கமும் இரண்டு மூன்று புள்ளிக்குள். 2500 சுற்றில் +3. மாஃப் நொடிக்கு 1.9 கிராம். முதல் நாள் காகிதத்தில் கூட்டிப் பார்த்த 1.89-ஐ இப்போது சென்சாரே காட்டுகிறது. வாக்யூம் 19-இல் முள் அசையாமல் நின்றது. இன்ஜெக்டரை நிறுத்திப் பார்த்தால் நான்கு சிலிண்டரும் சமமாகத் தளர்ந்தன.

ஹோஸ், பிசிவி வால்வு, கேஸ்கெட் மூன்றும் சேர்ந்து பாகச் செலவு நூறு வெள்ளிக்கும் உள்ளே. கூலிதான் அதைவிட அதிகம், தேடுவதற்குச் செலவான நேரம் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த நேரத்துக்குக் காசு வாங்குவதில் எனக்குக் கூச்சம் இல்லை. வாடிக்கையாளர்களும் அதைக் கூலியாக மதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்டுபிடிக்கும் வேலைக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் பாகத்துக்கு மட்டும் கொடுப்போம் என்று நின்றால், ஒர்க்ஷாப்காரர்களும் பாகத்தைத்தான் விற்பார்கள்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டி இதே குறையோடு ஆண்டுச் சோதனையில் தேறியிருக்கிறது. அதைக் காட்டி, "இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆச்சே, என்ஜின்ல எப்படிக் குறை இருக்கும்?" என்று பெரியவர் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே ஐடிலில் சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்ப்பார்கள். கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் அதிகமாகி, காற்று போதாமல் எரியும்போது கூடுவது. காற்று அதிகமான லீன் கலவையில் அது குறையத்தான் செய்யும். சோதனை அதன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, இந்தக் குறை அந்தச் சோதனையின் கண்ணில் படும் வகையைச் சேர்ந்தது அல்ல.

சில வாரம் கழித்து எண்ணெய் மாற்ற வந்தபோது மறுபடி ஸ்கேனரை மாட்டினேன். குறியீடு இல்லை, ஐடில் ட்ரிம் மொத்தம் +3. காலையில் ஸ்டார்ட் செய்தால் இப்போது எப்படி என்று கேட்டேன். நடுக்கம் இல்லை, ஆனால் டி-யில் போட்டால் ஸ்டீயரிங்கில் லேசாக ஓர் அதிர்வு இருக்கிறது என்றார். அது வலப்பக்கத்து மவுண்ட். அந்த ஒன்றை மட்டும் அடுத்த சர்வீஸில் மாற்றுவதாக முடிவு. மற்ற மவுண்ட்டுகளைக் கம்பி வைத்து நெம்பிப் பார்த்தேன், அவற்றை 2027 வரை தொட வேண்டியதில்லை என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.